வழித்துணை: திறப்புக் கோர்வை யாரிடம் இருக்கிறது?



இம்முறை கடவுச்சொற்களைப் பற்றி எழுதுகிறோம். "இது படித்த ஆட்களின் அலுவல்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாங்களும் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள்தான். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு இரவில் இந்தப் பக்கத்தை எழுதுகிறோம். எங்களுக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

பிரித்தானியாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கு முன்பெல்லாம் கையில் ஒரு வதிவிட அட்டை இருந்தது. அதைப் பணப்பையில் வைத்திருப்போம். கேட்கிற இடத்தில் எடுத்துக் காட்டுவோம். அந்த அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாகிவிட்டன. இப்போது இருப்பது ஈ-விசா. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. வேலை கேட்டால் அரசாங்க இணையத்தளத்துக்குள் போய், 'ஷெயார் கோட்' என்ற இலக்கத்தை எடுத்து, பிறந்த திகதியோடு முதலாளியிடம் கொடுக்க வேண்டும். அந்த இலக்கம் 90 நாட்களுக்குத்தான் செல்லும். உள்ளே போவதற்கு, நாம் பதிந்து வைத்த தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு பாதுகாப்பு இலக்கம் வரும். அந்த மின்னஞ்சலைத் திறக்க முடியாவிட்டால், இந்த நாட்டில் இருப்பதற்கும் உழைப்பதற்கும் உள்ள உரிமை நம்முடையதாகவே இருந்தும் அதைக் காட்ட முடியாமல் நிற்போம்.

யூனிவேர்சல் கிரெடிற் உதவிப்பணமும் இணையக் கணக்கு வழியாகத்தான். அதிகாரி அனுப்பும் செய்தியைப் பார்த்து மறுமொழி எழுதாவிட்டால் பணம் நின்றுபோகலாம். வங்கி, வைத்தியர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கடவுச்சொல். இத்தனையையும் மனதில் வைத்திருக்க ஒருவராலும் முடியாது. அதனால்தான் பலர் எல்லா இடத்துக்கும் மூத்த பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் போட்டுவிடுகிறார்கள். அது எல்லா அறைக்கும் ஒரே திறப்பை வைத்திருப்பது போன்றது. ஓரிடத்தில் களவு போனால் எல்லா அறையும் திறந்துகொள்ளும்.

உலாவி எங்கே சேமிக்கிறது?

இணையத்துக்குள் போக நாம் பாவிக்கும் குரோம், சஃபாரி, ஃபயர்பொக்ஸ் போன்றவற்றை உலாவி என்கிறோம். கடவுச்சொல்லை அடித்ததும் உலாவி ஒரு சிறு பெட்டியைக் காட்டி, "இதைச் சேமிக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். அவசரத்தில் சிலர் 'ஆம்' என்றும், பயத்தில் சிலர் 'இல்லை' என்றும் அழுத்திவிடுகிறார்கள். எங்கே போய்ச் சேருகிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் அவசரமும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

குரோம் உலாவிக்குள் உங்கள் கூகிள் கணக்கால் நுழைந்திருந்தால், சேமித்த சொல் அந்தக் கணக்கோடு சேரும். அதே கணக்கால் வீட்டுக் கணனியில் நுழைந்தால் அங்கேயும் வரும். நுழையாமல் சேமித்தால் அந்த ஒரு கருவியில் மட்டும் இருக்கும். கருவி உடைந்தால் அதுவும் போய்விடும். ஐபோனில் இதே வேலையை அப்பிள் கணக்கு செய்கிறது. 2024 இல் வந்த ஐ.ஓ.எஸ் 18 முதல் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று தனிச் செயலியே இருக்கிறது. ஃபயர்பொக்ஸ் பாவிப்பவர்களுக்கு மொசில்லா கணக்கு.

ஆகவே கடவுச்சொற்கள் பின்தொடர்வது கருவியை அல்ல, கணக்கை. கணவர் அன்ட்ரொயிட் தொலைபேசியில் குரோமில் சேமித்தது, ஐபாட்டில் சஃபாரியைத் திறந்தால் வராது. அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஐபாட்டிலும் குரோமை இறக்கி, அதே கூகிள் கணக்கால் நுழைந்தால் கிடைக்கும். ஒருவர் ஓர் உலாவியையே எல்லாக் கருவியிலும் பாவிப்பது நல்லது.

சேமித்தவற்றைப் பார்க்க, கணனியில் குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'கூகிள் பாஸ்வேர்ட் மனேஜர்' என்பதற்குள் போங்கள். அங்கே 'செக்கப்' என்ற பகுதி, களவு போன சொல் எது, பலவீனமான சொல் எது, ஒரே சொல்லை எத்தனை இடத்தில் போட்டிருக்கிறோம் என்பதையும் காட்டும். இந்த நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் கடவுச்சொற்களை உலாவியில் சேமிப்பது நல்லது என்றுதான் பொதுமக்களுக்குச் சொல்கிறது. ஆனால் சொந்தக் கருவியில் மட்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. சேமித்த சொற்களைத் திறக்கும் பூட்டு பெரும்பாலும் உங்கள் தொலைபேசியின் பின் இலக்கம்தான். அந்த இலக்கம் தெரிந்தவருக்கு எல்லாமே தெரியும். விளையாடக் கேட்கும் பிள்ளைக்கு நீங்களே திறந்து கொடுங்கள், இலக்கத்தைச் சொல்லாதீர்கள். 1234 என்றோ பிறந்த ஆண்டு என்றோ வைக்காதீர்கள்.

யாருடைய பெயரில்?

நாங்கள் அறிந்த ஒரு குடும்பம். வந்த புதிதில் மொழி தெரியாமல், படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனார்கள். அவர் தன் தொலைபேசியிலேயே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலைத் திறந்து, தன் இலக்கத்தையே போட்டு, எல்லாக் கணக்கையும் பதிந்தார். அன்றைக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு முறை பாதுகாப்பு இலக்கம் வேண்டும்போதும் அவரிடம் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் காசு. ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு வேலை சரிவந்தது. ஷெயார் கோட் கேட்டார்கள். படிவக்காரர் ஊரில் இல்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. புதன்கிழமை இலக்கத்தோடு போனபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

இப்படி மற்றவர் திறந்த கணக்கு உங்களிடமும் இருந்தால், இந்தக் கிழமையே அதை உங்கள் கைக்கு எடுங்கள். மின்னஞ்சலுக்குள் நுழைந்து, கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். மீட்புத் தொலைபேசி இலக்கம் யாருடையது, மீட்பு மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையதை இட்டு மற்றதை நீக்குங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றியதும் பெரும்பாலான வேறு கருவிகளிலிருந்து கணக்கு தானாக வெளியேறும். 'யுவர் டிவைசஸ்' என்ற இடத்தில் தெரியாத கருவி மிச்சமிருந்தால் அதையும் வெளியேற்றுங்கள். அதன்பின் ஈ-விசாக் கணக்கில் பதிந்துள்ள தொலைபேசியையும் மின்னஞ்சலையும் திருத்துங்கள். இதற்கு அரசாங்கம் கட்டணம் எடுப்பதில்லை.

வீட்டுக்குள்ளும் இதையே சொல்கிறோம். ஈ-விசா ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனி, பிள்ளைகளுக்கும் தனித்தான். ஆனால் பல வீடுகளில் மனைவியின் கணக்கும் கணவரின் மின்னஞ்சலில் இருக்கிறது. நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிற்சாலையில் வேலை தொடங்குமுன் தொலைபேசியை லொக்கரில் பூட்ட வேண்டும். அந்த நேரம் மனைவி ஏதாவது அலுவலகத்தில் நின்றால், இலக்கம் லொக்கருக்குள் வந்து, சில நிமிடத்தில் காலாவதியும் ஆகிவிடும். வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் சொந்த மின்னஞ்சல், சொந்தத் தொலைபேசி இலக்கம், சொந்தக் கணக்கு இருக்கட்டும். அம்மாமாருக்கும் பழக்கிவிடுங்கள்.

எங்கே சேமிக்கக் கூடாது?

நூல்நிலையக் கணனி, வேலைத்தலத்தில் எல்லோரும் தொடும் கருவி, நண்பரின் தொலைபேசி. இந்த மூன்றிலும் சேமிக்கவா என்று கேட்டால் 'வேண்டாம்' என்பதே மறுமொழி. முக்கியமாக அங்கே குரோம் உலாவிக்கே உங்கள் கணக்கால் நுழைய வேண்டாம். நுழைந்தால் உங்கள் முழுத் திறப்புக் கோர்வையும் அந்தக் கணனிக்கு வந்து சேரலாம். வேறு வழியில்லை என்றால் 'இன்கொக்னிற்றோ' சாளரத்தைத் திறந்து, அலுவலை முடித்து, கணக்கிலிருந்து வெளியேறி, அப்படித் திறந்த எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு எழும்புங்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் காவல்காரன்

சேமிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. ஆங்கிலம் இன்னும் சரளமாக வராத நமக்கு அது பெரிய உதவி. வங்கியிலிருந்து, வரித் திணைக்களத்திலிருந்து, தபாற்கந்தோரிலிருந்து என்று பொய்க் குறுஞ்செய்திகள் வருகின்றன. அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் உண்மையான தளம் போலவே ஒன்று திறக்கும். முகவரியில் ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும். நம் கண்ணுக்குப் பிடிபடாது. உலாவிக்குப் பிடிபடும். எந்த முகவரிக்கு என்று சேமித்தோமோ அந்த முகவரிக்குத்தான் அது சொல்லை நிரப்பக் கொடுக்கும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் உலாவி சும்மா இருந்தால் அங்கேயே நில்லுங்கள். கையால் அடித்துக் கொடுக்காதீர்கள். சில வேளை உண்மைத் தளத்திலும் நிரப்பாமல் விடும்தான். ஆனாலும் அதை மூடிவிட்டு, முகவரியை நீங்களே அடித்தோ வங்கியின் செயலி வழியாகவோ போய்ப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

பொய்க் குறுஞ்செய்தியை 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பி முறையிடலாம், காசு இல்லை. வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது எடுத்தால் வைத்துவிட்டு 159 ஐ அழையுங்கள். பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேரே இணைத்துவிடும். எந்த உண்மையான அதிகாரியும் பாதுகாப்பு இலக்கத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொல்லமாட்டார்.

சிம் மாறும்போது, தொலைபேசி தொலையும்போது

மலிவாகக் கிடைக்கிறது என்று அடிக்கடி சிம் மாற்றுவது நம்மிடம் உள்ள பழக்கம். பழைய சிம்மைப் பல மாதம் பாவிக்காமல் விட்டால் இலக்கம் துண்டிக்கப்பட்டு, பிறகு இன்னொருவருக்குப் போகலாம். உங்கள் பாதுகாப்பு இலக்கங்களும் அவருக்கே போகும். எனவே பழைய சிம்மை எறியுமுன் மின்னஞ்சல், ஈ-விசா, வங்கி, யூனிவேர்சல் கிரெடிற் நான்கிலும் புதிய இலக்கத்தைப் பதியுங்கள். இலக்கத்தையே மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவும் இங்கே வசதி உண்டு.

பழைய தொலைபேசியை விற்கவோ ஊருக்குக் கொடுத்துவிடவோ போகிறீர்களா? முதலில் புதிய தொலைபேசியில் எல்லாக் கடவுச்சொற்களும் வந்துவிட்டனவா என்று பாருங்கள். பிறகு பழையதிலிருந்து கணக்கை நீக்கி, முழுவதும் அழியும்படி 'ஃபக்ரறி றீசெற்' செய்யுங்கள்.

தொலைந்துவிட்டால் வரிசை இதுதான்: சொந்தமான வேறு கருவியிலிருந்து தொலைந்ததைக் கணக்கிலிருந்து வெளியேற்றுதல், மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுதல், வங்கிக்கு அறிவித்தல், தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி சிம்மை முடக்குதல். மின்னஞ்சல் முதலில் வருவதற்குக் காரணம், மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் அதன் வழியாக மாற்றிவிட முடியும் என்பதே.

ஒரு கொப்பியும் வேண்டும்

எல்லாவற்றையும் உலாவி வைத்திருந்தாலும், உலாவியைத் திறக்கும் சொல்லை நாம்தான் வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் பாவிக்காததாக இருக்கட்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து வைக்கும்படி பாதுகாப்பு மையம் சொல்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் நமக்கு ஞாபகம் நிற்கும். ஊர்ப் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம், அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

அதை ஒரு கொப்பியில் எழுதி, கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் இடத்தில் வையுங்கள். தாளில் எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் பத்திரமாக, கருவியை விட்டுத் தள்ளி வைத்தால் எழுதலாம் என்பதே பாதுகாப்பு மையத்தின் ஆலோசனையும். தொலைபேசி உறைக்குள் மடித்து வைப்பதுதான் ஆபத்து. கூகிள் கணக்கில் இரட்டைப் பாதுகாப்பைப் போட்டால், அவசரத்துக்கு எட்டு இலக்கம் கொண்ட 10 மீட்பு எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும். தொலைபேசி கையில் இல்லாத நாளில் அவைதான் உதவும். அவற்றையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.

வருகிற ஞாயிறு சமையல் முடிந்ததும் குடும்பமாக இருந்து இவ்வளவையும் பாருங்கள்: யாருடைய ஈ-விசா யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, மீட்பு இலக்கம் யாருடையது, கொப்பி எங்கே இருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கப் பிள்ளைகளைக் கூப்பிடலாம். ஆனால் விசைகளை அழுத்துவது நீங்களாக இருங்கள். இரண்டாம் முறை தானாக வரும்.

சந்தேகம் இருந்தால் வழக்கம்போல எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் மறுமொழி தருவோம். கடிதத்தில் கடவுச்சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள்.