குளத்துக்கரைக்குத் தார் வேண்டாம், சரள் போதும்

தச்சநல்லூரிலிருந்து தாழையூத்துப் பக்கம் போகும் பழைய மதுரை ரோட்டில், சைக்கிள் கேரியரில் புல்லுக்கட்டோடு ஒரு விவசாயி போவதைப் பார்த்தால் நமக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது. கட்டு இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். எதிரே சரக்கு லாரி வரும். இறங்கி ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் பள்ளம். ஏதோ போனால் போகிறது என்று நம்மை அந்த ரோட்டில் விட்டு வைத்திருப்பதுபோல் ஆகிவிட்டது.

ஆனால் நமக்கென்று வேறொரு பாதை இருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாய், பேட்டை, டவுன் என்று கடந்து தச்சநல்லூர்ப் பக்கம் வருகிறது. வழியிலே நயினார்குளம், அப்புறமும் குளங்கள். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் ஒவ்வொரு காலுக்கும் கரை உண்டு, ஒவ்வொரு குளத்துக்கும் கரை உண்டு. நம் பெரியவர்கள் நாற்றுக்கட்டும் எருவும் நெல்லும் கொண்டு போனது இந்தக் கரைகளில்தான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், தலைக்கு மேல் பனையும் மருதும். பஸ் கிடையாது, லாரி கிடையாது.

இன்று பல கரைகளின் நிலைமை என்ன? சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் வளர்ந்து நடுவில் கூரை போட்டிருக்கிறது. முள் குத்தி டியூப் பஞ்சர் ஆகாமல் சைக்கிள் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். ஊரை ஒட்டிய இடங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில்தான் இதெல்லாம் நடக்கும்.

இதற்குப் பரிகாரமாக நம்மவர்களே கேட்பது தார் ரோடு. மனு எழுதினால் முதல் வரியே அதுதான். தார் போட்டால்தான் சர்க்கார் நம்மைக் கவனித்தது என்று ஒரு எண்ணம். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊருக்கும் ஊருக்கும் நடுவே தார் ரோடு வேண்டும்; ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிக்கு வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் குளத்துக்கரை ரோடு அல்ல. அது குளத்தின் சுவர்.

களிமண் கலந்த கரை கோடையில் சுருங்கி வெடிக்கும். குளம் பெருகினால் ஊறும். அதன்மேல் போர்த்திய தார் அதோடு சேர்ந்து நெளியாது, கீறும். கீறலில் மழைத்தண்ணீர் இறங்கும். இது போகட்டும். தார் போட்ட மறு மாதமே டிப்பர் லாரிக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து. மூன்று அச்சு லாரி பாரத்தோடு 25 டன்னுக்கு மேல் போகச் சட்டமே இடம் கொடுக்கிறது. கரைக்கு அடியிலே பழைய கல் மடை இருக்கிறது. இத்தனை டன் அதன் தலையில் தினம் ஏறி இறங்கினால் கல் அசையும். அசைந்த இடத்தில் தண்ணீர் கசியும். கசிவு பெரிதாகி ஒரு ஐப்பசி இரவில் கரை போய்விடும். ஒரு விவசாயியும் அவர் சைக்கிளும் 45 கிலோ யூரியா மூட்டையும் சேர்ந்தாலும் 150 கிலோ தாண்டாது. கரை அதைச் சுமப்பதாகவே எண்ணாது.

பாதை இல்லாமல் போனாலும் ஆபத்துதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் குளங்கள் பல உடைந்தன. கரை அரிக்கத் தொடங்கியதும் பத்துப் பேர் மணல் மூட்டையோடு போய்ச் சேர்ந்தால் சில உடைப்புகளையாவது தடுக்கலாம். முள்ளுக்குள் புகுந்து யார் போவது?

ஆகவே வேண்டியது சரள். செம்மண் கலந்த நல்ல சரளாகப் பார்த்து, புதரைத் தூரோடு எடுத்த பிறகு, அரையடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். மேல்மட்டம் குளத்தின் பக்கமாகச் சற்றே வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். மழைத்தண்ணீர் வயல் பக்கச் சரிவில் ஓடினால் அந்தச் சரிவை வாரிக்கொண்டு போகும். குளத்துப் பக்கம் அலைகற்கள் இருப்பதால் அங்கே அரிப்பு குறைவு. குளத்து வண்டலைப் பாதைக்குப் போடாதீர்கள். வண்டல் வயலுக்கு அமிர்தம், பாதைக்குச் சேறு. சரள் பாதையில் குழி விழுந்தால் மண்வெட்டியும் இரண்டு கூடைச் சரளும் போதும். தார் ரோட்டில் குழி விழுந்தால் அடுத்த டெண்டர் வரை காத்திருக்க வேண்டும்.

பாதையின் இரு முனையிலும் ஆறரை அடி இடைவெளி விட்டுக் கல் நட வேண்டும். சைக்கிள் போகும், மாட்டு வண்டி போகும், சிறிய டிராக்டரும் போகும், லாரி போகாது. "அறுவடை மெஷின் எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் மெஷின் வராவிட்டால் கதிர் வயலிலேயே உதிரும். ஒரு பக்கத்துக் கல்லைக் கழற்றுகிற மாதிரி அமைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மடை பார்க்கிறவரிடம் கொடுத்து வைக்கலாம். கார் அறுப்புக்கும் பிசான அறுப்புக்கும், கரை காய்ந்திருக்கிற நாளாகப் பார்த்துத் திறக்கட்டும்.

இப்படி ஈரம் பார்த்துப் பாரம் ஏற்றுவது புதிய யோசனை அல்ல. சுவீடன் நாட்டில் காடுகளுக்குள்ளும் ஏரிக்கரைகளிலும் ஓடும் பாதைகளில் மிகப் பெரும்பகுதி சரளைப் பாதைதான். காட்டு மரம் ஏற்றிவர நில உடைமையாளர்கள் போட்டுக்கொண்டவை ஏராளம். பனி உருகிப் பாதை இளகியிருக்கும் வசந்த காலத்தில் சில வாரங்களுக்குக் கனரக வண்டிகளைத் தடுத்துவிடுகிறார்கள். பாதைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து பராமரிக்கிறார்கள். சர்க்கார் மானியம் தருகிறது. மானியம் வாங்கிய பாதையைப் பொதுஜனங்களுக்கு அடைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே பாதைகளில் இப்போது வெளியூர்க்காரர்கள் சைக்கிளில் நாள்கணக்காகச் சுற்றுகிறார்கள். மரம் வெட்டப் போட்ட பாதை, சைக்கிள்காரனுக்கும் உதவுகிறது.

நமக்கும் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. 2017-இல் சர்க்காரே அந்தப் பெயரில் திட்டம் போட்டது. பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்க 2000-ஆம் ஆண்டிலேயே சட்டமும் வந்தாயிற்று. சங்கம் என்றால் தேர்தல் நடக்கிற நாளில் மட்டும் கூடுவது என்று நாம் வைத்துக்கொண்டால் சட்டம் என்ன செய்யும்?

சைக்கிளை ஏழையின் வாகனம் என்று இளக்காரமாய்ப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். துணைக்கு ஆள் தேடாமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சர்க்கார் இலவச சைக்கிள் கொடுக்கிறது. அதை லாரி ஓடும் ரோட்டில் ஓட்ட விடப் பயந்து எத்தனை வீட்டில் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறோம்! பெட்ரோல் விற்கிற விலையில் வயலுக்கு நாலு நடை மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் அந்தச் செலவை எந்த வரவில் எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பக்கத்து இளைஞர்கள் சிலர் விலை உயர்ந்த சைக்கிளில் வருவார்கள், வரட்டும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; அதற்கும் ஆட்கள் வருவார்கள். கரையில் நல்ல மனிதர் நடமாட்டம் இருந்தால் குப்பை லாரி தயங்கும், ஆக்கிரமிப்பவனும் தயங்குவான். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் வரை இப்படியொரு பாதை போனால் நன்றாயிருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அது 2013-இல் அறிவிக்கப்பட்ட காடு, பரப்பு 288 ஹெக்டேர்தான். வெளி ஓரத்தோடு பாதை நின்றுவிட வேண்டும். மான் மிரண்டு ஓடினால் முதலில் வந்து மேய்வது நம் பயிரில்தான். வருகிறவர்களுக்கும் ஒரு நிபந்தனை: எதிரே தலைச்சுமையோடு ஆள் வந்தால் அவர்கள் இறங்கி வழிவிட வேண்டும். கடையும் ஓட்டலும் கரையில் முளைக்கக் கூடாது. வேய்ந்தான்குளம் என்றால் இன்று பஸ் நிலையம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள், குளத்தின் பெயர், புல எண், எந்த மடையிலிருந்து எந்த மடை வரை என்பதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். நகல் ஒன்று நீர்வளத் துறைக்கும், மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அங்கேயும் ஒன்று போகட்டும். "குளக்கரைக்கு ரோடு வேண்டும்" என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் தாருக்குத்தான் எஸ்டிமேட் போடுவார்கள்.