பதிவு செய்தவரும் தைத்தவர்களும்

பூவும் தென்னையும் மீனும் அள்ளித் தெளித்த ஹவாய் சட்டையைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: 1936இல் ஹோனலூலூ வணிகர் எலரி சுன் கண்டுபிடித்தது அது. சொல்லிச் சொல்லியே இது வரலாறாகிவிட்டது. என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சுன் சாதாரண ஆள் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து 1931இல் பட்டம் பெற்றவர். ஊரெல்லாம் பணமுடை நிலவிய காலத்தில் அப்பாவின் ஜவுளிக்கடையைக் கையில் எடுத்தார். 'கிங்-ஸ்மித்' என்று அதற்குப் பெயர் வைத்தார். கிங், ஸ்மித் இரண்டும் தெருப் பெயர்கள். கடையை நிமிர்த்திய அவரது திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. கண்டுபிடித்தவர் என்ற பட்டம்தான் இடிக்கிறது.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது வணிகக்குறிப் பதிவு. 1936இல் 'அலோஹா ஸ்போர்ட்ஸ்வேர்', அடுத்த ஆண்டு 'அலோஹா ஷர்ட்' என இரண்டு பெயர்களை அவர் பதிவு செய்தார். பெயரைப் பதிந்தவருக்குப் பெயர் சொந்தமாகும். சட்டை எப்படிச் சொந்தமாகும்? அந்தப் பெயரும் அவருக்கு முன்பே புழங்கியதுதான். 1935 ஜூன் 28ஆம் தேதி 'ஹோனலூலூ அட்வர்டைசர்' நாளிதழில் முசாஷியா என்ற ஜப்பானியத் தையற்கடை விளம்பரம் கொடுத்திருக்கிறது. ரெடிமேடாகவும் கிடைக்கும், அளவெடுத்தும் தைத்துத் தரப்படும், விலை 95 சென்ட் முதல். சரக்கின் பெயர் 'அலோஹா சட்டை' என்றே அதில் அச்சாகியிருக்கிறது. முதல் பதிவுக்கே ஓராண்டு முந்தைய சான்று இது.

உள்ளூர்க் காட்சிகளைத் துணியில் கொண்டுவந்த பெருமையாவது சுன்னுக்கு உரியது என்பார்கள். அவர் கடைக்கு அவற்றை வரைந்தவர் அவருடைய சகோதரி எத்தல் சுன் லம். அதே 1936இல், சிந்து மாகாணத்திலிருந்து ஹவாய் போய் வணிகம் செய்த வாட்டுமல் குடும்பத்தின் ஈஸ்ட் இந்தியா ஸ்டோர், எல்சி தாஸ் என்ற ஓவியரிடம் மலர் வடிவங்கள் கேட்டு வாங்கியது. பிறகு அவற்றை ஜப்பானுக்கு அனுப்பிப் பட்டில் அச்சிட்டு வரவழைத்தது. பல கடைகளில் ஒரே சமயத்தில் நடந்த வேலை இது. இரண்டு பெண்களின் தூரிகையும் அதில் இருக்கிறது. அவர்கள் பெயர்கள் அந்த ஒற்றை வரியில் ஏறவே இல்லை.

சுற்றுலாப் பயணிகளுக்காகப் பிறந்த உடுப்பு என்பதும் அரைகுறை உண்மை. உள்ளூர்ப் பையன்களும் அலைச்சறுக்கு இளைஞர்களும் தொடக்கத்திலேயே அதை வாங்கினார்கள். 1947இல் அலோஹா வாரத் திருவிழாவின்போது ஹோனலூலூ நகர ஊழியர்கள் அதை அணிந்து பணிக்கு வர அனுமதி கிடைத்தது. 1962இல் ஆடைத் தயாரிப்பாளர் சங்கம் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டை கொடுத்தது. ஊர் மக்களே உடுத்தி உடுத்தி மரியாதை தேடித் தந்த சட்டை இது.

எனக்கு மனம் நிலைப்பது துணியில்தான். ஜப்பானிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்களில் யுகாத்தா துணி இருந்தது. அது கோடையில் போடும் பருத்திக் கிமோனோவுக்கு நெய்த துணி. அகலம் சுமார் பதினான்கு அங்குலம். ஆண்பிள்ளைச் சட்டையின் முதுகுக்கு அது போதாது. இரண்டு துண்டை நடுவில் ஒட்டுப்போட்டுத்தான் தைக்க வேண்டும். பூ பாதியில் அறுபடாமல் தையலுக்கு இரண்டு பக்கமும் சேரவேண்டுமானால், கத்தரி வைக்கும் முன் துணியை மேலும் கீழும் நகர்த்திப் பொருத்திப் பார்க்க வேண்டும். சட்டைப்பையும் மார்பில் இருக்கும் கோலத்தோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். இது தையற்காரரின் கைக்கும் கண்ணுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. எந்தப் பதிவு அலுவலகத்திலும் இதற்குப் படிவம் இல்லை.

இதையெல்லாம் சுன் ஒருபோதும் மறைக்கவில்லை. ஜப்பானியப் பையன்கள் யுகாத்தா துணியில் பூப்போட்ட சட்டை போட்டுத் திரிந்ததையும், பிலிப்பினோ பையன்கள் பளிச்சென்ற வண்ணச் சட்டைகளில் நடமாடியதையும் பார்த்துத்தான், அதுபோல் கொஞ்சம் தைத்து விற்பனைக்கு வைக்கத் தோன்றியது என்று பின்னாளில் அவரே சொன்னார்.