முட்டைக் கணக்கும் மினிடாப்பும்

நாமக்கல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மூன்று. ஆஞ்சநேயர், லாரி, முட்டை. இதில் முட்டைக்கும் புள்ளியியல் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் பி.காம். மாணவர்கள் சிரிப்பார்கள். சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் செமஸ்டர் தேர்வோடு முடிந்துபோகும் சமாச்சாரம் என்பதுதான் பலருடைய எண்ணம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். முட்டை விலை பண்ணையாளர் கையில் இல்லை. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவிக்கும் விலையை ஒட்டித்தான் வியாபாரம் நடக்கிறது. தீவனத்துக்கு வாங்கும் மக்காச்சோளம், சோயா விலையும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது பண்ணைக்குள் நடக்கும் வேலை மட்டும்தான். விரிசல் விட்ட முட்டை நூற்றுக்கு இரண்டா, மூன்றா என்பதில்தான் லாபம் நிற்கிறது.

இதைச் சரிசெய்ய இப்போது பலரும் சொல்லும் யோசனை "ஒரு சாஃப்ட்வேர் வாங்கிப் போடுங்கள்" என்பது. அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பண்ணையில் தினமும் 1000 முட்டைகளைச் சோதிக்கிறார்கள். சராசரியாக 20 முட்டையில் விரிசல். ஒருநாள் 28 வந்துவிட்டது. முதலாளி சூப்பர்வைசரைத் திட்டுகிறார், தீவனக் கலவையை மாற்றுகிறார், புது மருந்து வாங்குகிறார். மறுநாள் 17. "பார்த்தீர்களா, திட்டினால்தான் வேலை நடக்கிறது!" என்கிறார்.

உண்மையில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை! சராசரி 2 சதவீதம் என்றால் ஆயிரம் முட்டைக்குத் திட்ட விலக்கம் ஏறக்குறைய 4.4 முட்டை. அதில் மூன்று மடங்கை இருபக்கமும் எடுத்தால் 7-லிருந்து 33 வரை சாதாரண ஏற்ற இறக்கம். 28-ம் 17-ம் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. 36 வந்திருந்தால் அது வேறு கதை. அப்போது நிச்சயம் காரணம் தேட வேண்டும். கூண்டின் கம்பி வளைந்திருக்கலாம், முட்டை எடுக்கத் தாமதமாகியிருக்கலாம், தீவனத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். கோடை வெயிலில் கோழி மூச்சிரைக்கும்போது ஓடு மெலிந்துபோவதும் தெரிந்த விஷயம்தான்.

இந்த எல்லைக்கோடு போடும் முறையை 1924-ல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் கண்டுபிடித்தார். அதுதான் கன்ட்ரோல் சார்ட். அன்று கம்ப்யூட்டர் கிடையாது, காகிதமும் பென்சிலும்தான். மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் ஷூவார்ட் 1947-48-ல் இந்தியாவுக்கே வந்து போனார். அதற்குப் பிறகுதான், 1950-ல் டெமிங் ஜப்பானில் இந்தப் பாடத்தை நடத்தினார். ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் பெயரிலான பரிசை 1998-ல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002-ல் ஓசூரில் தொழிற்சாலை உள்ள டிவிஎஸ் மோட்டாரும் பெற்றன. ஒரு மென்பொருளை வாங்கியதற்காக யாருக்கும் அந்தப் பரிசு தரப்படுவதில்லை. கீழ்மட்டத் தொழிலாளி வரை எல்லோரும் சேர்ந்து தரத்தைக் கவனிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் தரப்படுகிறது.

அப்படியானால் மென்பொருளே வேண்டாமா? அப்படியில்லை. பத்து ஷெட், ஒவ்வொன்றிலும் முட்டை எண்ணிக்கை, எடை, விரிசல், தீவனம், இறப்பு என்று ஐந்து கணக்கு. தினமும் 50 வரைபடத்தைக் கையால் போட முடியாது. அதைவிட முக்கியம், எல்லையைத் தாண்டாமலே தொடர்ந்து எட்டு ஒன்பது நாள் சராசரிக்கு மேலேயே இருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத இந்த மெதுவான மாற்றத்தை மென்பொருள் உடனே காட்டிவிடும். மினிடாப் 1972-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தவே உருவானது. அதற்குப் பணம் கட்ட முடியாதென்றால் நியூசிலாந்தில் பிறந்த 'ஆர்' இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே செலவு ஒரு சாக்கு இல்லை.

ஆனால் எந்த மென்பொருளும் முட்டையை எண்ணாது. எண்ணுவது ஷெட்டில் நிற்கும் ஆள். 28 என்று உண்மையை எழுதியதற்குத் திட்டு வாங்கினால், அடுத்த முறை அவர் 21 என்று எழுதுவார். யார்தான் எழுத மாட்டார்கள்? அதற்குப் பிறகு நோட்டில் இருப்பது முட்டைக் கணக்கு இல்லை, பயத்தின் கணக்கு. அதை எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளில் போட்டாலும் அழகான வரைபடம் வரும், அவ்வளவுதான். கணக்கு பொய் என்பதை அது கண்டுபிடித்துச் சொல்லும் என்று நம்பி உட்கார முடியாது.

கன்ட்ரோல் சார்ட்டின் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. எப்போது கோபப்படக் கூடாது என்று முதலாளிக்கு அது சொல்லித் தருகிறது. சாதாரண ஏற்ற இறக்கத்துக்குத் தொழிலாளி பொறுப்பில்லை என்று எண்களாலேயே நிரூபிக்கிறது. வேண்டாத மருந்துச் செலவும் மிச்சம். சராசரி 20 என்பதே அதிகம் என்று தோன்றினால், மாற்ற வேண்டியது சூப்பர்வைசரை இல்லை. கூண்டு, தீவனம், முட்டை எடுக்கும் நேரம் என்ற ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். அந்த முடிவை எடுக்கக் கூடியவர் முதலாளி மட்டும்தான்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துக் கல்லூரிகளில் வணிகவியல் படிப்பவர்களில் கோழிப்பண்ணை, லாரி, விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டில் பல வருடத்து நோட்டுகள் கிடக்கும். மாதக் கடைசியில் கூட்டல் போட மட்டும் பயன்பட்ட நோட்டுகள். ப்ராஜெக்டுக்காக எங்கோ இருக்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையை வெட்டி ஒட்டுவதைவிட, அந்த நோட்டில் ஒரு மாதக் கணக்கை எடுத்து மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். முதல் தடவை மென்பொருள்கூட வேண்டாம், கிராஃப் தாள் போதும்.

கோட்டுக்குள் இருக்கும் நாளில் யாரையும் திட்டாமல் இருக்க அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். அதற்கு இன்னும் எந்த மென்பொருளும் வரவில்லை!