கொல்லைக் கோழி மூச்சு வாங்குதா? சளியா, வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா... எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்றாலே கார், பைக் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்களில், கம்பெனி பஸ் நிற்கும் அதே தெருவில் நாட்டுக்கோழியும் மேய்கிறது. அந்தக் கோழி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து 'கர்... கர்...' என்று மூச்சு விட்டால், வீட்டில் வரும் முதல் பதில்: "சளிதான், ரெண்டு நாள்ல சரியாகிடும்."

அது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

ஏன் இந்தக் குழப்பம்?

பல நோய்கள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: தும்மல், மூக்கில் நீர், மூச்சுத் திணறல். அதன் பிறகு சில வித்தியாசங்கள் தெரியலாம்.

• கோரைசா: பாக்டீரியா நோய். முகம் வீங்கும், மூக்கு ஒழுகும், கெட்ட வாடை வரும்.

• நாள்பட்ட சுவாச நோய்: மைக்கோபிளாஸ்மா கிருமியால் வருவது. கண்ணில் நுரை, மூச்சில் கரகர சத்தம். மெதுவாகப் பரவும்.

• வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட்: வைரஸ் நோய். மூச்சுத் திணறலோடு பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல். கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் வாதமாகும். தடுப்பூசி போடாத கோழிகளை மொத்தமாகக் கொன்றுவிடும்.

• பறவைக் காய்ச்சல்: கொண்டையும் தாடையும் நீலம் பாயும், தலை வீங்கும். சில நேரம் எந்த அறிகுறியும் இல்லாமலே கோழிகள் திடீரென்று சாகும்.

பட்டியலில் எளிதாகத் தெரிந்தாலும், நிஜத்தில் ஒரே கோழிக்கு இரண்டு நோய்கள் சேர்ந்தும் வரும். கடைசி இரண்டு நோய்களை அறிகுறியை வைத்துப் பிரிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கே கஷ்டம்.

டெஸ்ட் எப்படி நடக்கும்?

கொரோனா காலத்தில் நமக்குப் பழகிய அதே முறைதான். பஞ்சுக் குச்சியால் மூச்சுக்குழாயிலும் எச்சத் துவாரத்திலும் மாதிரி எடுத்து, பிசிஆர் சோதனையில் வைரஸைத் தேடுவார்கள். கோரைசா மாதிரியான பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கலாம். எந்த மருந்து கேட்கும் என்பதும் அதிலேயே தெரியும்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அது காட்டுவது எதிர்ப்பு சக்தியை. தடுப்பூசி போட்ட கோழிக்கும் 'பாசிட்டிவ்' வரும். அதனால் தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் முடிவையே தப்பாகப் புரிந்துகொள்ள நேரும்.

முதல் படி, அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகம். தேவைப்பட்டால் மாதிரிகள் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு, பல்கலைக்கழக ஆய்வகம் என்று மேலே போகும். பறவைக் காய்ச்சல் சந்தேகம் என்றால் இறுதி முடிவைச் சொல்வது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம்.

அப்புறம் ஏன் யாரும் டெஸ்ட் எடுப்பதில்லை?

கணக்கு எளிது. ஒரு நாட்டுக்கோழியின் விலை சில நூறு ரூபாய். அதற்காக ஒரு ஷிப்டை விட்டுவிட்டு யார் அலைவது? வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும், சாவதற்குள் விற்பதும், அடித்துக் குழம்பு வைப்பதும் இதனால்தான். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கை மாறும் சீக்குக் கோழியோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகும்.

ஒரு வீட்டுக்கு இது சின்ன நஷ்டம். நாட்டுக்கு அப்படி இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புறக்கடைக் கோழி உள்ளிட்ட வீட்டுப் பறவைகள் மட்டும் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம்.

மனிதர்களுக்கு ஆபத்தா?

ராணிக்கெட் மனிதர்களுக்கு வந்தால் பெரும்பாலும் கண் சிவப்போடு போய்விடும். எச்5என்1 பறவைக் காய்ச்சல் அப்படி அல்ல. மனிதருக்கு அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இறந்தது, இந்தியாவில் பதிவான முதல் மரணம். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியது. நெல்லூர் நமக்குப் பக்கத்து மாவட்டம் மாதிரிதான்.

"சொன்னா எல்லாக் கோழியையும் அழிச்சிடுவாங்க" என்ற பயமும் இருக்கிறது. நோய் உறுதியானால் சுற்றிலும் 1 கி.மீ.க்குள் உள்ள பறவைகள் அழிக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அப்படி அழிக்கப்படும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே செத்த கோழிகள் அந்தக் கணக்கில் வராது. மறைப்பதால் நஷ்டம் வீட்டுக்குத்தான். தவிர, 2009-ம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி, ராணிக்கெட், பறவைக் காய்ச்சல் சந்தேகம் வந்தால் தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை.

என்ன செய்யணும்?

• மூச்சு வாங்கும் கோழியை உடனே தனியாக அடையுங்கள். தண்ணீர், தீவனப் பாத்திரமும் தனியாக இருக்கட்டும்.

• அரை நிமிட வீடியோ எடுங்கள், சத்தம் கேட்கும்படி. எப்போது தொடங்கியது, எத்தனை கோழிக்கு, தடுப்பூசி எப்போது என்று குறித்துக்கொண்டு மருந்தகத்தையோ 1962 என்ற எண்ணையோ அழையுங்கள்.

• ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் தொடவோ, அறுக்கவோ, தூக்கிக்கொண்டு போகவோ வேண்டாம். ஏரியிலும் குப்பையிலும் வீச வேண்டாம். முதலில் தகவல் சொல்லுங்கள்.

• ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது. இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில், 1932-ல் தொடங்கிய அரசு நிறுவனத்தில்தான் அது தயாராகிறது. 8 வாரம் தாண்டிய கோழிகளுக்கு, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும் இலவச முகாமில் போட்டுக்கொள்ளலாம்.

கடைசிக் கோழி செத்த பிறகு வரும் ரிசல்ட்டால் அந்த வீட்டுக்குப் பயன் இல்லை. முதல் கோழி இருமும்போதே போன் செய்தால், மற்ற கோழிகளும் தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது.