கடைசி ஆளின் நேரத்தையும் எழுதுங்கள்!

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



ஒரு சின்னக் கேள்வி. போன வருஷம் நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 5000 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவீர்கள். இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களையும் மேடையில் பார்த்தோம், கை தட்டினோம். நல்லது. நான்காவது வந்தவர் யார்? பதினொன்றாவது வந்தவர் எத்தனை நிமிடத்தில் ஓடி முடித்தார்? தெரியாது. ஏன் தெரியாது என்றால், யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது ஆள் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப் வாட்சை நிறுத்திவிட்டார்கள். பின்னால் பத்தொன்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்!

யார் மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் இது மாற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீண்ட தூர ஓட்டம் மற்ற விளையாட்டு மாதிரி கிடையாது. கிரிக்கெட்டில் பதினோரு பேருக்கு மேல் இடம் இல்லை. கபடியில் உடம்பு பார்த்துத்தான் எடுப்பார்கள். ஓட்டத்தில் மட்டும்தான் கடைசியாக வருகிறவனுக்கும் ஒரு ரீடிங் கிடைக்கிறது. போன மாதம் 5 கிலோமீட்டரை 33 நிமிடத்தில் ஓடியவன் இந்த மாதம் 31 நிமிடத்தில் ஓடினால், அவன் இருபத்திரண்டாவது ஆளாக வந்திருந்தாலும் ஜெயித்தவன்தான். ஆனால் அந்த ரீடிங்கை எழுதி வைத்தால்தானே அது அவனுக்கே தெரியும்? லேபில் ரீடிங் எடுக்காமல் எக்ஸ்பெரிமென்ட் முடிந்தது என்று சொன்னால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார்களா?

இரண்டாவது விஷயம், நேரத்தை எப்படிக் குறைப்பது என்பது. நம்மில் பலர் நினைப்பது, தினமும் உயிரைக் கொடுத்து ஓடினால் வேகம் வந்துவிடும் என்று. இது தவறு. ஆர்தர் லிடியார்ட் என்று நியூசிலாந்தில் ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைச் சாலையாக வைத்து, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று வருடக்கணக்கில் ஓடிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது இதுதான்: பெரும்பாலான நாட்கள் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு நிதானமாக, ஆனால் நிறைய தூரம் ஓட வேண்டும். வேகப் பயிற்சி அதற்குப் பிறகு. ஆக்லாந்து நகரத்தில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம். லிடியார்ட் அதோடு நிற்கவில்லை. ஓடியே பழக்கமில்லாத நடுவயதுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மெல்லோட்டம் ஓட வைத்தார். ஜாகிங் என்று உலகம் முழுக்கப் பரவியதில் அந்த ஆக்லாந்து ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நிதானமாக ஓடினால் எப்படி வேகம் வரும்? நானும் கேட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். நெடுநேரம் நிதானமாக ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. தசைக்குள்ளே மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. அதனால் அதே வேகத்தில் ஓட முன்பை விடக் குறைந்த சிரமம் போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு விடுகிறது என்று காலை விரட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்து உட்கார வைத்துவிடும். நம் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் நிற்கிறவர்களுக்கு இது புரியும். ஒரே கட்டில் எல்லாவற்றையும் சீவிவிடலாம் என்று ஆழமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜாப் அதிரும், டூல் முனை போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கடைசியில்தான் ஃபினிஷிங் கட்.

அந்த ஃபினிஷிங் கட் வேகப் பயிற்சி. அதைச் சொன்னால் எமில் ஜாடோபெக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. செக்கோஸ்லோவாக்கியாவில் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன். 400 மீட்டர் வேகமாக, பிறகு சற்று மெதுவாக, மறுபடி 400 வேகமாக என்று திரும்பத் திரும்ப ஓடிப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம்! அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே கிடையாது. நமக்கு வாரத்தில் ஒரு நாள் இந்த மாதிரி ஆறு சுற்று ஓடினால் போதும். மற்ற நாள் நிதானம். ஒரு நாள் முழு ஓய்வு.

மூன்றாவது, கணக்கு. நம் மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு 25 சுற்று. ஒரு சுற்றை ஒரு நிமிடத்தில் முடித்தால் 25 நிமிடம். இவ்வளவு எளிமையான கணக்கு. ஆனால் ஓட்டம் தொடங்கியதும் என்ன செய்கிறோம்? பார்க்கிறவர்கள் கத்துகிறார்கள் என்று முதல் சுற்றை 40 வினாடியில் பறக்கிறோம். எட்டாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஏறத்தாழ ஒரே நேரம் வர வேண்டும். இது பயிற்சியால் வருவது, வீரத்தால் வருவது இல்லை.

என் கணக்கையும் சொல்கிறேன். நான் பெரிய ஓட்டக்காரன் இல்லை, பரிசு எதுவும் வாங்கியது இல்லை. ஜூலையில் 25 சுற்றும் ஓடி முடித்தபோது 31 நிமிடம் 20 வினாடி. தீபாவளி லீவுக்கு முன்னால் 28 நிமிடம் 45 வினாடி. அடை மழையில் மைதானம் சேறாகி மூன்று வாரம் போனது. பொங்கல் கழிந்து 27 நிமிடம் 10 வினாடி. பிப்ரவரி கடைசியில் 26 நிமிடம் 5 வினாடி. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஷூ கடைவீதியில் வாங்கிய சாதாரண ஷூ. சாப்பாடு பழைய சோறு, கேப்பைக் கூழ், கடலை மிட்டாய். பவுடர் டப்பா எதுவும் கிடையாது.

நான் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா சித்தாள் வேலை, அம்மா நூறு நாள் வேலை. நான் ஊரில் விடிகாலையில் ரோட்டில் ஓடுவதைப் பார்த்து அம்மா, "ஏப்பா, யாராச்சும் வெரட்டுறாகளா? எதுக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்டார்கள். அப்பா ஒரு படி மேலே போய், "தெம்பை எல்லாம் ரோட்டுல கொட்டிட்டு வந்தா படிப்பு எப்புடி ஏறும்?" என்றார். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க செங்கல் சுமக்கிறவருக்கு சும்மா ஓடுவது வீண் வேலையாகத்தான் தெரியும்.

ஆனால் எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களை எப்போதும் பக்கத்து ஆளோடுதான் ஒப்பிடுகிறார்கள். ரேங்க் லிஸ்டில் எத்தனாவது, இன்டர்வியூவில் எத்தனாவது, இங்கிலீஷில் யாருக்கு அடுத்தது... வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தவன் புறப்பட்ட இடமும், நான் புறப்பட்ட இடமும் ஒன்றா? அந்தக் கணக்கு எந்த லிஸ்டிலும் இல்லை. என் நோட்டில் இருக்கிறது. 31:20-இல் தொடங்கியவன் 26:05-க்கு வந்திருக்கிறான். 5 நிமிடம் 15 வினாடி. இதை யாரும் சிபாரிசில் கொடுக்கவில்லை, யாரும் பிடுங்கவும் முடியாது. இந்த நம்பிக்கை ஓட்டத்தோடு நிற்பதில்லை. கணக்குப் பாடத்திலும் இப்போது போன டெஸ்ட் மார்க்கைத்தான் பார்க்கிறேன்.

"சரி தம்பி, இதனால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில். நம்மில் எத்தனை பேர் போலீஸ், ராணுவம் என்று கனவு காண்கிறோம்! தமிழ்நாடு போலீஸ் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நம் மைதானக் கணக்கில் ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 வினாடி. 2022-இல் வந்த அக்னிவீர் திட்டத்தில் 1600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால்தான் ஓட்டத்துக்கான முழு மதிப்பெண் 60. சுற்றுக்கு 41 வினாடி சொச்சம். எழுத்துத் தேர்வுக்கு ஒரு வருஷம் படிக்கிறவன் ஓட்டத்துக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறான்? எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் எழுத்தில் நல்ல மார்க் எடுத்தார். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஓட ஆரம்பித்தார். கால் வீங்கியது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு போய் ஓடி, 7 நிமிடம் 9 வினாடி. ஒன்பது வினாடியில் போய்விட்டது. இப்போது திருப்பூரில் கம்பெனி வேலை. வலி மாத்திரை வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவருக்கு யாராவது ஆறு மாதம் முன்னால் ஒரு நோட்டும் ஒரு வாட்சும் கொடுத்திருந்தால்?

நம் மாவட்டத்துக்கு இது முடியாத காரியமும் இல்லை. புதுக்கோட்டை லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், கோட்டுக்கு உள்ளே கால் பட்டதற்காகப் பதக்கத்தை இழந்தார். அதே புதுக்கோட்டை சூர்யா 2016 குவாஹாத்தி தெற்காசியப் போட்டியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம். வயக்காட்டு வரப்பும் கம்மாய்க்கரையும் உள்ள இதே ஊர்தான் அவர்களுக்கும்.

சூர்யாவைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். நம் விழாவில் மாணவியருக்கு 800 மீட்டருக்கு மேல் போட்டியே இல்லை. "பொண்ணுங்களால முடியாதுப்பா" என்கிறார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்துவிட்டு, இதே பேச்சைப் பேசித்தான் 1960 வரை அதை எடுத்துவிட்டார்கள். பெண்கள் மாரத்தான் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தது. ஒலிம்பிக்காரர்கள் திருந்தி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் எப்போது?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள்:

1. சிவில் பிரிவு நண்பர்கள் டேப் வைத்து மைதானத்தைச் சரியாக அளந்து கொடுக்க வேண்டும். விளிம்புக் கட்டை இல்லாத இடத்தில் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பது முறை. தூரம் தப்பாக இருந்தால் நேரமும் பொய்.

2. மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம். பரிசு வேண்டாம். ஓடுகிற எல்லோருடைய நேரமும், கடைசி ஆள் வரை, நோட்டீஸ் போர்டில் வர வேண்டும். பக்கத்தில் அவரவர் போன மாத நேரம்.

3. மாணவியருக்கும் அதே தூரம். விடுதி மாணவியர் காலையில் மைதானத்துக்கு வர அனுமதி.

4. விளையாட்டு விழாவில் வழக்கமான மூன்று பரிசோடு, வருஷத்தில் அதிக நேரத்தைக் குறைத்தவருக்கும் ஒரு பரிசு.

செலவு? ஒரு மூட்டை சுண்ணாம்பு, ஒரு பானைத் தண்ணீர், நாலு வெள்ளைத் தாள். ஸ்டாப் வாட்ச் எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. அரியர் வைத்திருப்பவன் ஓடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம்தான். செல்போனில் அதைவிட அதிகம் போகிறது என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

நண்பர்களே, முதல் பரிசு ஒருவருக்குத்தான். அது அவருக்கே இருக்கட்டும், கை தட்டுவோம். ஆனால் இருபத்தைந்தாவது சுற்றைத் தனியாக ஓடி முடிக்கிறவன் கோட்டைத் தொடும்போது, அங்கே வாட்சோடும் பேனாவோடும் ஒரு ஆள் நிற்க வேண்டும். அடுத்த வருஷம் அந்த ஆளாக நிற்க நான் தயார். ஓட யார் வருகிறீர்கள்?