கடையிலே களிம்பு, பள்ளியிலே மருந்து!

தோழனே!

இன்று ஞாயிறு. ஆகவே ஞாயிற்றைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறேன். வானத்து ஞாயிற்றின் எழிலைப் பாடுவதற்கன்று. அதன் வெம்மைக்கும் ஒரு பள்ளிச் சிறுமியின் மேனிக்கும் இடையே சட்டப் புத்தகம் புகுந்து கொண்டால் என்ன நேரும் என்பதைச் சொல்வதற்கு!

அமெரிக்க நாட்டின் கடையொன்றில் ஒரு தாய் நுழைகிறாள். பற்பசைக்கும் சவுக்காரத்துக்கும் பக்கத்திலே, சன்ஸ்கிரீன் என்று வழங்கும் வெயில் காப்புக் களிம்பு அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எடுக்கிறாள், காசைக் கொடுக்கிறாள், வெளியே வருகிறாள். "மருத்துவர் சீட்டு எங்கே?" என்று கேட்பாரில்லை. மறுநாள் அதே குப்பியை மகளின் பையிலே வைத்துப் பள்ளிக்கு அனுப்புகிறாள். தடை! "இது மருந்து. மருந்தை மாணவர் கையிலே வைத்திருத்தல் கூடாது. மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். செவிலியர் அறையிலே ஒப்படைக்க வேண்டும்" என்கிறது விதி.

கடையிலே களிம்பாக இருந்தது, பள்ளி வாயிலைத் தாண்டியதும் மருந்தாக மாறிய விந்தை என்ன? விந்தையொன்றுமில்லை, தோழனே! அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் வெயில் காப்புக் களிம்பை, சீட்டில்லாமலே விற்கத்தக்க மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. வெயில் புண்ணைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் பண்டம் மெய்யாகவே தடுக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதற்காக வகுத்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம்தான். ஆனால் பள்ளிகளோ, "எந்த மருந்தானாலும் மருத்துவர் அனுமதியின்றி உள்ளே வரலாகாது" என்று தனியே ஒரு விதியை வைத்திருந்தன. அதுவும் நல்ல நோக்கத்தோடு பிறந்ததே. தனித்தனியே நல்லவையான இரு விதிகள் சேர்ந்து, ஒரு குழந்தையை உச்சி வெயிலிலே நிறுத்தி வைத்தன!

கற்பனை என்று எண்ணிவிடாதே. 2012-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்துப் பள்ளியொன்றின் விளையாட்டு விழா நாளன்று, இரு சிறுமியர் கொடிய வெயில் புண்ணோடு வீடு திரும்பினர். மருத்துவர் சீட்டு இல்லாததால் அவர்களுக்குக் களிம்பு இல்லை. தாய் குமுறினாள், செய்தி நாடெங்கும் பரவியது, கேட்டவரெல்லாம் கொதித்தனர். அந்த மாநிலத்தில் சட்டம் திருந்தியது எப்போது தெரியுமா? 2017-இல்! புண் ஆறச் சில நாட்கள் போதும். சட்டம் ஆற ஐந்தாண்டுகள்!

கலிபோர்னியா மாநிலம் 2002-லேயே வழிகாட்டியது. மருத்துவர் சீட்டின்றி மாணவர் பள்ளியில் களிம்பு பூசிக்கொள்ளலாம் என்று முதலில் சட்டம் இயற்றியது அதுதான். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2017-இல், அலபாமா, அரிசோனா, புளோரிடா, லூசியானா, யூட்டா, வாஷிங்டன் ஆகிய மாநிலங்கள் அவ்வழி வந்தன. ஒரு குப்பிக் களிம்புக்காக ஒவ்வொரு சட்டமன்றத்திலும் தனித்தனியே மசோதா கொண்டு வர வேண்டியிருந்தது. நகைப்பதா, நாணுவதா?

"வெயில்தானே! அதற்கு இத்தனை ஆரவாரமா?" என்று நீ கேட்கலாம். வெயில் என்பது வெறும் சூடன்று. அதிலே கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1992-லேயே தீர்ப்பளித்தது. இளமையிலே பட்ட வெயில் உடனே கணக்குக் கேட்பதில்லை. பல பத்தாண்டுகள் காத்திருந்து கேட்கிறது. ஐந்து வயதிலே சிவந்த தோள் ஐம்பது வயதிலே மருத்துவமனை வாயிலிலே நிற்கக்கூடும். அன்று விதியை எழுதிய அதிகாரி அங்கே இருப்பாரா? இருக்க மாட்டார்!

இன்னொன்றையும் எண்ணிப் பார். மருத்துவர் சீட்டு வேண்டும் என்று எழுதுவது எளிது. மருத்துவரைப் பார்ப்பதற்கே பெரும் பொருள் செலவாகும் நாடு அமெரிக்கா. செல்வர் வீட்டுக் குழந்தைக்குக் குடும்ப மருத்துவர் உண்டு. சீட்டு ஒரு நொடியில் வரும். கூலிக்கு உழைக்கும் தாயோ, சில டாலர் விலையுள்ள களிம்புக்காக ஒரு நாள் ஊதியத்தையும் இழந்து, மருத்துவர் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். எல்லோருக்கும் பொது என்று தலைநிமிர்ந்து நிற்கும் விதி, ஏழையின் தலையிலே மட்டும் இறங்கும் விதம் இதுதான்!

இனி, ஆஸ்திரேலியாவுக்கு வா. தோல் புற்றுநோய் மிகுதியாகத் தாக்கும் நாடுகளில் முன்னிற்பது அது. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெளுத்த தோலினரின் வழியினர் கடும் வெயிலின் கீழே வாழ்வதே காரணம். அங்கே 1981-இல் ஒரு கடற்பறவைப் படத்தை வைத்துப் பிரசாரம் தொடங்கினார்கள்: சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைக் கவிழ் என்று! 1988-இல் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்க் கழகம் அதையே பெரும் திட்டமாக்கியது. பள்ளிகளிலே "தொப்பி இல்லையேல் ஆட்டம் இல்லை" என்பது எழுதாச் சட்டமாக வேரூன்றியது. புறஊதாக் குறியீடு மூன்றையோ அதற்கு மேலோ தொட்டால் காப்பு தேவை என்பது அங்கே சிறுவர்க்கும் தெரியும். காப்புத் திறன் 15-உம் அதற்கு மேலும் உள்ள களிம்புக்குச் சரக்கு வரி கிடையாது.

இங்கே கூர்ந்து பார். ஆஸ்திரேலியாவிலும் அந்தக் களிம்பு மருத்துவப் பண்டங்களைக் கண்காணிக்கும் துறையின் ஆளுகையிலேதான் இருக்கிறது. ஐரோப்பாவிலோ அது ஒப்பனைப் பொருள்! ஆகவே பட்டியல் மட்டும் குற்றவாளியன்று. ஒரு நாட்டார் "குழந்தையின் தோலைக் காப்பது எப்படி?" என்று கேட்டு விதியை எழுதினர். மற்றொரு நாட்டார் "நம்மீது வழக்கு வராமல் காப்பது எப்படி?" என்று கேட்டு எழுதினர். கேள்வி வேறானது, விடையும் வேறானது. கலிபோர்னியாவிலே வெளியில் நிற்கும் மாணவர் தொப்பி அணியலாம் என்பதற்கே 2001-இல் சட்டம் தேவைப்பட்டது என்றால் பார்த்துக்கொள்! தொப்பி போக்கிரிக் கும்பலின் அடையாளமாகிவிடுமோ என்ற அச்சம். ஒரு நாட்டில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு ஆட்டமில்லை. மற்றொரு நாட்டில் தொப்பி போட்ட பிள்ளைமேல் ஐயம்!

மாற்றார் வாதத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். "சில பிள்ளைகளுக்குக் களிம்பு ஒவ்வாமல் தடித்துவிடும். ஒருவர் குப்பியை மற்றவர் பூசுவர். ஆசிரியர் குழந்தையின் மேனியைத் தொட்டால் பழி வரும்" என்கிறார்கள். மூன்றுமே வெறும் சாக்கல்ல, உண்மை கலந்தவை. ஆயின் மருந்து என்ன? அவரவர் குப்பியை அவரவர் கொண்டு வரட்டும். பெயர் எழுதி வைக்கட்டும். பெற்றோரின் ஒரு வரி ஒப்புதல் போதும். வெளியே செல்வதற்கு இருபது நிமிடம் முன்னதாகப் பிள்ளைகளே பூசிக்கொள்ளட்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச ஆசிரியர் நினைவூட்டட்டும். சின்னஞ்சிறு குழந்தைக்கு மட்டும், பெற்றோர் ஒப்பினால், எல்லோரும் காணும் இடத்திலே உதவட்டும். இடருக்கு வழி இதுவே. தடை என்பது இடரை நீக்கவில்லை. பள்ளியின் தோளிலிருந்து பிள்ளையின் தோளுக்கு மாற்றியது, அவ்வளவே!

ஆஸ்திரேலியாவைத் தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம். தொப்பி கொண்டு வராத பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்கி உட்கார வைக்கிறார்களே, அந்தத் தொப்பி மறதியால் வராததா, வறுமையால் வராததா? மாற்றுத் தொப்பி நாலைந்தை அலமாரியில் வைக்காத பள்ளி, நல்ல விதியையும் தண்டனையாக்கிவிடும். மேலும், களிம்பு கடைசிக் காவலன், முதற்காவலன் நிழல். மரமும் கூரையும் அமைக்காமல் குப்பியை மட்டும் நீட்டும் நிர்வாகம், தன் கடமையைப் பெற்றோரின் பணப்பையிலே போட்டுவிடுகிறது.

"இது வெள்ளையர் வீட்டுக் கவலை, கருத்த மேனியருக்கு என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கருநிறத்திலுள்ள நிறமி பெருமளவு காக்கிறது, மெய்யே. ஆனால் பிறவியிலேயே அந்த நிறமி இல்லாத குழந்தைகள் எல்லா நாட்டிலும் பிறக்கிறார்கள். நம் தெருவிலும் பிறக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தான்சானியாவிலே, கிளிமாஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில், அத்தகையோருக்கென்றே களிம்பு செய்து வழங்குகிறார்கள். அவர்களுக்கு அது ஆடம்பரமன்று, ஆயுள்! வகுப்பிலே ஒரே ஒரு பிள்ளைக்குத் தேவை என்றாலும், அந்த ஒரு பிள்ளைக்கு இடம் விடாத விதி முழு விதியாகாது.

தோழனே! நாளை நீ பள்ளிக் குழுவிலே அமரலாம், ஊராட்சியிலே அமரலாம், அதற்கு மேலும் செல்லலாம். உன் முன் ஒரு விதியின் நகல் வரும். எழுத்துகள் அழகாக இருக்கும். "பாதுகாப்பு" என்ற சொல் பத்து இடத்திலே இருக்கும். கையெழுத்திடுமுன் ஒன்றே ஒன்று கேள்: யாருடைய பாதுகாப்பு? காகிதத்தினுடையதா, குழந்தையினுடையதா? விடை கிடைக்கும்வரை பேனாவை மூடியே வை. விதி நிழலில் இருந்து எழுதப்படுகிறது. பிள்ளை வெயிலிலே நிற்கிறது!