துளை சின்னதுதான்... ஆபரேஷனும் சின்னதா? நுண்துளை அறுவை சிகிச்சை பற்றி ஆலங்குடி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததுமே, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கிழிச்சு பண்ணுவாங்களா, துளை போட்டு பண்ணுவாங்களா?" பூப்பறிப்பு, நடவு என தினக்கூலியை நம்பி இருப்பவர்களுக்கு இது தழும்பு பற்றிய கவலை அல்ல. எத்தனை நாள் சம்பளம் போகும் என்ற கவலை.

எப்படிச் செய்கிறார்கள்?

வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று, நான்கு துளைகள் போடுவார்கள். உள்ளே கருவிகள் நகர இடம் வேண்டும் அல்லவா? அதற்காக கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் நீளமான கருவிகள். திரையைப் பார்த்தபடியே டாக்டர் ஆபரேஷன் செய்வார். இதுதான் லேப்ராஸ்கோப்பி. பலர் 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். இதற்கும் லேசருக்கும் சம்பந்தம் இல்லை.

பித்தப்பையை இப்படி அகற்றுவதை 1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே தொடங்கினார். இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் டி.இ.உத்வாடியா செய்தார்.

என்ன லாபம்?

வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். லேசான வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். ஆனால் நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் தூக்குவதற்கு டாக்டர் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். துளை ஆறிவிட்டால் உள்ளேயும் ஆறிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

ரிஸ்க் இல்லையா?

இருக்கிறது. பொதுவாக முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். ஆயிரத்தில் சுமார் 3 முதல் 5 பேருக்கு பித்தநாளத்தில் காயம் ஏற்படலாம். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் தோள்பட்டை வலிப்பது சகஜம். அது வாயுவால் வருவது.

பாதியில் கிழித்தால் தோல்வியா?

இல்லை. உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ வயிற்றைத் திறப்பதுதான் பாதுகாப்பு. "துளைன்னு சொல்லிட்டு கிழிச்சிட்டாங்க" என்று சண்டைக்குப் போவதைவிட, இதற்கு வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது.

எங்கே போவது, எவ்வளவு செலவு?

ஆலங்குடியிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில், 2017-ல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தனியாருக்குப் போவதென்றால், உங்கள் ஆபரேஷன் திட்டத்தில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

மறக்காமல் கேட்க வேண்டியவை

* தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. எனக்கு அவசியமா?
* இந்த ஆபரேஷனை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா?
* எந்த வேலைக்கு எப்போது திரும்பலாம்?

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாமல், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே உடனே போய்விட வேண்டும்.